பதினெட்டு வளைவும் ஒரு மோட்டார் சைக்கிளும்



உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள் எத்தனை சீ.சீ.? எங்கள் வீட்டில் நிற்பது ஒரு பழைய ஹீரோ ஹொண்டா. 97.2 சீ.சீ. சந்தைக்கும் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் வயலுக்கும் அதுதான் எங்களைச் சுமக்கிறது. சாய்ந்தமருதின் ஒழுங்கைகளுக்குள் அதற்கு மேல் ஒரு வாகனம் வேண்டுமென்று நான் நினைத்ததே இல்லை. 2025 ஜூலையில் மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போய் வந்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்ன, ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வயதிலும் மனிதனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளை நினைத்துத் தூக்கம் போகுமா என்று கேட்காதீர்கள். போகிறது.

பஸ்ஸில் போனால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். மூத்த மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கல்முனையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் மலையில் பஸ் வளையத் தொடங்கியதும் என் மனைவிக்குத் தலைச்சுற்று, அதன் பிறகு சத்தி. மகளின் விடுதி வாசலில் போய் இறங்கும்போது தாய்தான் நோயாளி. காற்றுப்படும்படி போனால் அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் மோட்டார் சைக்கிள்.

எங்கள் ஊரிலிருந்து அம்பாறை, மஹா ஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை என்று போய் மலையேறினால் கண்டி சுமார் 200 கிலோமீற்றர். இந்தப் பாதையில் ஜூலையில் எங்கள் சின்னதிலும், ஆகஸ்டில் மச்சானுடைய 160 சீ.சீ.யிலும் போனேன். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. "இதக் கொண்டு போய்ப் பாருங்க மச்சான், பொறகு பேசுவம்" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டார். ஒரே பாதை, ஒரே இரண்டு பேர், ஒரே அளவு மூட்டை. வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்க இதைவிட நல்ல பரீட்சை ஏது?

ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் காரைதீவுச் சந்தியில் திரும்பும்போது பின்னால் கடலின் பக்கம் வெளுத்திருக்கும். சம்மாந்துறை தாண்டியதும் இரு பக்கமும் வயல். அம்பாறை வரை பாதை தட்டையானது. இங்கே சின்னதும் பெரியதும் ஒன்றுதான். மாடு, ட்ரக்டர், பாடசாலைப் பிள்ளைகள் என்று எது எப்போது குறுக்கே வரும் என்று சொல்லமுடியாத இடத்தில் 16 குதிரைவலு இருந்து என்ன, 8 இருந்து என்ன? ஆகஸ்டில் யல போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. பாதையில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்மணியில் டயர் ஏறினால் என்ன நடக்கும் என்பது எங்கள் பகுதியில் மோட்டார் சைக்கிள் ஓடும் எல்லோருக்கும் தெரியும். உருளுகிற மணலில் நிற்பது போலத்தான். பிரேக்கை மெதுவாகத் தொட்டாலும் முன்சில்லு வழுக்கும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வேகம் 40 இலிருந்து 60 ஆனால், அது ஒன்றரை மடங்கு. ஆனால் பிரேக் பிடித்து நிற்பதற்கு வேண்டிய தூரம் ஒன்றரை மடங்கல்ல, இரண்டே கால் மடங்கு. மச்சானுடையதில் முன்சில்லுக்கு ஏ.பி.எஸ். என்ற பிரேக் முறை உண்டு. சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும். நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. என்றாலும் நெல்லுக்கு மேலே அதற்கும் பிடிமானம் கிடையாதே.

உஹனயைத் தாண்டினால் காடு தொடங்குகிறது. யுத்த காலத்தில் பகலிலேயே போகப் பயந்த பாதை இது. அரந்தலாவ என்ற பெயரைக் கண்டால் என் வயதுக்காரர்களுக்கு இன்றும் நெஞ்சு ஒருமுறை சுருங்கும். 1987 ஜூன் 2 ஆம் திகதி பஸ்ஸில் போன பௌத்த பிக்குகள் கொல்லப்பட்ட இடம். இப்போது பாதை அகலமாகவும் வழவழப்பாகவும் கிடக்கிறது. பயம் யானைக்கு மட்டுந்தான்.

எங்கள் சின்னதின் முதல் குறை இங்கேதான் தெரிந்தது. ஜூலை மாதத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கிறது. நாமும் மேற்கே போகிறோம். இரண்டு பேரும் ஒரு மூட்டையும் தொதல் பெட்டியும். கைப்பிடியை முழுக்கத் திருகினாலும் 45 ஐத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆகஸ்டிலும் அதே காற்று. பெரியதோ காற்று அடிக்கிறது என்பதையே அறியாதது போல 65 இல் போனது. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்கு வயது இருபது குறைந்துவிட்டது. ஒரு நெல் லொறியை முந்தினேன் பாருங்கள், எண்ணி மூன்று நொடிதான். சின்னதில் என்றால் லொறியின் பக்கத்திலேயே நீண்ட நேரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எதிரே வாகனம் வந்தால் கதி கலங்கும். வலு கூடிய வாகனத்துக்கு நியாயம் உண்டென்றால் அது இந்த மூன்று நொடிதான். அந்த நியாயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஜூலையில் இதே காட்டில் ஒரு தனியன் யானை நின்றது. பாதையின் நடுவில் இல்லை, ஓரத்தில். நாங்கள் தூரத்திலேயே நிறுத்திவிட்டோம். அது ஒரு அடி எங்கள் பக்கம் எடுத்து வைத்ததும், சின்னதை இருந்த இடத்திலேயே கால் ஊன்றித் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓடிவிட்டேன். அதன் நிறை 110 கிலோவை ஒட்டியது. மச்சானுடையது 150 கிலோவை நெருங்கும். ஆகஸ்டில் யானை இல்லை. இருந்தும் அதே இடத்தில் நின்று, மனைவியை இறக்காமல் திருப்பிப் பார்த்தேன். ஒரே மூச்சில் முடியவில்லை, இரண்டு முறை பின்னால் தள்ள வேண்டியிருந்தது. "என்ன செய்றீங்க?" என்று கேட்டாள். "ஒண்டுமில்ல, சும்மா" என்றேன்.

மஹா ஓயாவில் தேநீர், பதியத்தலாவயில் ஒரு நிறுத்தம், மஹியங்கனை தாண்டி மகாவலிப் பாலம். பாலத்துக்கு அப்பால் ஹசலக்க வரை வாய்க்காலும் வயலும் தென்னையும். முகத்துக்கு நேரே மலை ஒரு மதில் போல எழுந்து நிற்கும். அந்த மதிலில் ஏறுவதுதான் சிங்களத்தில் 'தஹஅட்ட வங்குவ' என்றும் நமது ஆட்கள் பதினெட்டு வளைவு என்றும் சொல்லும் பாதை. பாதையைப் புதுப்பித்தபோது ஒன்று குறைந்து, இப்போது எண்ணினால் பதினேழுதான் வரும். பெயர் மட்டும் பதினெட்டாகவே நிற்கிறது.

ஜூலையில் எங்கள் சின்னது முதல் நான்கு வளைவை இரண்டாம் கியரில் ஏறியது. ஐந்தாவதில் முன்னால் ஒரு லொறி. முந்துவதற்கு வலுவும் இல்லை, இடமும் இல்லை. லொறி வளைவில் நின்று நின்று திரும்ப, நானும் நிற்க, மறுபடி முதலாம் கியரில் எடுக்கும்போது என்ஜின் அணைந்துவிட்டது. மீண்டும் உதைத்தேன், மீண்டும் அணைந்தது. சாய்வில் பின்னுக்கு வழுகத் தொடங்கியது. மனைவி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கினாள். தொதல் பெட்டியை ஒரு கையிலும் தலைக்கவசத்தை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, லொறியின் கரும்புகைக்குள் அந்த ஏற்றத்தில் நடந்து போனாள். நான் தனியாக ஏறி அடுத்த வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு அபாயா, வெயில், கையில் பெட்டி. இருபத்து மூன்று வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் நடுவழியில் இறங்கி நடக்கிறாள். அந்தப் பக்கமாகக் காரில் போனவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வளைவில்தான், வாசகர்களே, பெரியது ஒன்று வாங்குவது என்று நான் மனதுக்குள் நிய்யத்து வைத்தேன்.

ஆகஸ்டில் மச்சானுடையதில் அதே வளைவுகள் எப்படிப் போயின என்று சொல்லவும் வேண்டுமா? ஏறியதே தெரியவில்லை. மேலே பார்வையிடும் இடத்தில் நிறுத்தி இருவரும் கீழே பார்த்தோம். நாங்கள் வந்த வயல்வெளி பச்சையும் மஞ்சளுமாகப் பாய் விரித்தது போல, நடுவில் மகாவலி. ஒரு அவித்த சோளத்தை இரண்டாக முறித்துத் தின்றோம். எனக்குள் பெருமை தாங்கவில்லை. "எப்படி?" என்று கேட்டேன். "குளிருது" என்றாள்.

உடுதும்பர, ஹுன்னஸ்கிரிய. இங்கே பாதை நக்கிள்ஸ் மலைக்குப் பக்கத்தால் போகிறது. கிழக்குக் கரையின் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குளிர் ஒரு நிஃமத். பிறகு இறக்கம். இறக்கத்தில் வலுவுக்கு வேலையே இல்லை. கியரைக் குறைத்து என்ஜினே வேகத்தைப் பிடிக்கும்படி இறங்கவேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கடைசியில் கைவிடும். தெல்தெனியவில் விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் படும். 122 மீற்றர் உயர அணை, 1985 இல் திறந்தது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. ஆகஸ்ட் பயணத்தில் தெல்தெனியவுக்கும் திகனைக்கும் இடையில் ஒரு தனியார் பஸ் எங்களை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு முந்திப் போனது. சரளைக் கல்லில் சில்லு இறங்கியது, மனைவி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். சின்னதாக இருந்தால் நான் திட்டிவிட்டுப் பின்னால் போயிருப்பேன், அதற்கு மேல் என்ன செய்யமுடியும்? அன்று என் கையில் 16 குதிரைவலு இருந்தது. திருகினேன். பஸ்ஸை முந்தினேன். முந்தியது போதாதென்று அதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கையை உயர்த்திச் சாரதியைப் பார்த்து ஏதோ கத்தினேன். பஸ் ஹோர்ன் அடித்தபடி பின்சில்லை முட்டுமளவுக்கு வந்தது. அப்போதுதான் திகன என்ற பெயர்ப் பலகை கண்ணில் பட்டது.

2018 பெப்ரவரியில் தெல்தெனியப் பக்கத்தில் நடந்த ஒரு வீதித் தகராறில் லொறிச் சாரதி ஒருவர் நமது சமூகத்து இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் இறந்துபோனார். மார்ச் 4, 5 ஆம் திகதிகளில் திகனையில் எரிந்த வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 6 ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. எரித்தவர்களின் குற்றம் எரித்தவர்களுடையது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் அன்று ஓரத்தில் நிறுத்தி பஸ்ஸைப் போகவிட்டபோது என் கை நடுங்கியது. தாடி வைத்த ஒருவன், பின்னால் அபாயா அணிந்த ஒரு பெண், திகனைச் சந்தியில் பஸ் சாரதியோடு சண்டை! மனைவி எதுவும் பேசவில்லை. திகனையில் ஒரு பள்ளிவாசலில் நிறுத்தி, இருவரும் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். நான் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஸுஜூதில் கிடந்தேன்.

நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தொழுகை நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பேராதனைக்கு ஜூலையில் 6 மணி 10 நிமிடம், ஆகஸ்டில் 5 மணி 25 நிமிடம். மிச்சம் 45 நிமிடம். அதில் பாதிக்குக் கிட்ட அந்த மலை ஏற்றத்தில் மட்டும். மகள் இரண்டு முறையும் எங்களை ஒரே மாதிரிதான் கட்டிப்பிடித்தாள். மருந்துக்கும் மணி கேட்கவில்லை.

பெற்றோல்? சின்னது ஒரு லீற்றருக்கு 55 கிலோமீற்றர் தந்தது, பெரியது 41. 2022 இல் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றோமே, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றரில் சின்னது கண்டியைத் தொட்டுவிடும். பெரியது மலையிலேயே நின்றிருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். அதனால் கடைகளில் புதியவை பளபளக்கின்றன. விலையைக் கேட்டால் மினுக்கம் போய்விடும். லீசிங்கில் எடுங்கள் என்று சொல்லாதவர் இல்லை. வட்டி வேண்டாம் என்றால் மனைவியின் காப்பை விற்கவேண்டும். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, கழற்றித் தரவும் தயாராகத்தான் இருந்தாள். அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாகிவிட்டது.

இன்னொன்று. உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை இப்போதே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஏ1 என்ற வகுப்பு 100 சீ.சீ.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. அதற்கு மேல் என்றால் ஏ வகுப்பு வேண்டும். என்னுடையதில் ஏ இருந்தது. எங்கள் ஒழுங்கையில் ஏ1 ஐ வைத்துக்கொண்டு 150 ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விபத்து என்று ஒன்று வந்தால் பொலிஸும் காப்புறுதிக் கொம்பனியும் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை என்பதும் தெரிந்ததுதானே. ஓடுவதற்கு வழியில்லாத வேகத்துக்கு நாம் காசு கொடுக்கிறோம்.

இத்தனையும் யோசித்தும் ஆகஸ்டில் திரும்பி வரும்போது வாங்குவது என்றே இருந்தேன். மஹியங்கனைக்கும் பதியத்தலாவக்கும் இடையில் பின்னாலிருந்து ஒரு சத்தம், "நிப்பாட்டுங்க" என்று. நிறுத்திவிட்டேன். அபாயாவின் கரை செயினுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் சின்னதில் செயினை முழுக்க மூடி ஒரு தகட்டுப் பெட்டி இருக்கிறது. பின்சில்லின் பக்கத்தில் சாறிக்குக் காவலாக ஒரு கம்பியும் இருக்கிறது. அதன் அருமை இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. மச்சானுடையது இளைஞர்களுக்கான மாதிரி, செயின் திறந்து கிடக்கிறது. வேகம் குறைவாக இருந்ததால் துணி கிழிந்ததோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். அந்த 65 இல் நடந்திருந்தால்? பக்கத்து வயலில் நின்ற ஒரு சிங்களப் பெரியவர் ஓடிவந்து, இடுப்புக் கத்தியால் துணியை அறுத்து எடுத்துத் தந்தார். தன் வீட்டுக்குள் அழைத்துப்போய் ஊசி நூலும் கொடுத்தார். மனைவி அங்கேயே உட்கார்ந்து கரையைத் தைத்தாள். நான் அந்தத் திறந்த செயினையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலு, விலை, பிரேக், பெற்றோல் எல்லாம் கணக்குப் பார்த்தவன், பின்னால் இருப்பவளின் உடுப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

தனியாக ஓடுகிறவர், கிழமைக்கு ஒருமுறை மலையேறித் தொழிலுக்குப் போகிறவர், கோபத்தை அடக்கத் தெரிந்தவர் வாங்கினால் நான் தடுக்கமாட்டேன். மலையில் அது வேறு உலகம். ஆனால் மனைவியையோ மகளையோ பின்னால் ஏற்றுவதாக இருந்தால் கடையில் முதலில் குனிந்து செயினைப் பாருங்கள். திறந்திருந்தால் மூடித் தரச் சொல்லுங்கள், சாறிக் காவலைப் பூட்டச் சொல்லுங்கள். அபாயாவை உயர்த்திச் செருகிக்கொள்ளும்படி வீட்டிலுள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

சாவியை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தேன். எங்கள் சின்னதைக் கராஜில் விட்டு இரண்டு டயரும் பிரேக் ஷூவும் செயினும் பற்சில்லும் புதிதாகப் போட்டேன். காபுரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். அது மலையில் அணைந்ததற்குப் பாதிக் காரணம் அந்த அழுக்கு என்றார் மெக்கானிக். ஆசனத்துக்குப் புதுப் பஞ்சும் வைத்தாயிற்று. காப்பு கையிலேயே இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலைநாட்டுப் பாதைகளைப் பல இடங்களில் உடைத்துப்போட்டது. நான் எழுதியிருப்பது அதற்கு முந்திய பயணங்களை. போக நினைப்பவர்கள் பாதை நிலவரத்தை விசாரித்துவிட்டே புறப்படுங்கள்.

அந்த ஐந்தாம் வளைவைப் பற்றி ஒருநாள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது போல் பேச்செடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள். "மூணு மணித்தியாலம் கால மடக்கிக் கொண்டு இருந்தவளுக்கு அந்த நடைதான் உசிர் தந்திச்சி. நீங்க மேல நிண்டு என்னத்துக்கு அப்பிடி முழிச்சீங்க எண்டுதான் விளங்கல்ல" என்றாள். அடுத்த முறை போகும்போது அந்த வளைவில் இறங்கி நடப்பதற்கென்று செருப்பை விட்டுச் சப்பாத்துப் போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், இன்ஷா அல்லாஹ்.